சும்மா இருக்கும்போது கத்தும் பெட்டி

நான் கத்திப் பிழைக்கிறவன். காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் கூவுவது என் தொழில். வெங்காய மூட்டை, தக்காளிக் கூடை, உருளைக்கிழங்குச் சாக்கு என்று லாரியிலிருந்து இறங்குவதெல்லாம் என் தொண்டை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். நான் 'ஒரு தரம்' என்று எடுத்தால், சந்தையின் மறு கோடியில் டீ குடித்துக்கொண்டிருப்பவன் பாதி கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவான். மகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் மைக்செட். அதில் எனக்குப் பெருமைதான்.

என் மனைவி சத்தத்தைக் குறைத்துப் பிழைக்கிறவள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஒரு சின்னப் பட்டறையில் அவளுக்குச் சம்பளம் கொடுப்பதே அதற்காகத்தான். எங்கள் இரண்டு பேரையும் ஒரே வீட்டில் கொண்டுவந்து சேர்த்தது ஒரு தராசு.

சந்தைக்கு எலெக்ட்ரானிக் தராசு வந்த புதிதில் அது ஓர் இடத்தில் நிற்காது. மூட்டையை வைத்தால் எண்கள் பேயாட்டம் ஆடும். வாங்குகிறவன் குறைந்த எண்ணைப் பிடித்துக்கொள்வான், விற்கிறவன் கூடின எண்ணைப் பிடித்துக்கொள்வான், நடுவில் நான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவேன். ரிப்பேருக்கு ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். கையில் ஒரு சின்னப் பெட்டியோடு ஒரு பெண் வந்து நின்றாள். இருந்த கோபத்தில் நான் அவளைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டேன். தராசு சரியில்லை, கம்பெனி சரியில்லை, அனுப்பிய ஆளும் சரியில்லை என்று கொட்டித் தீர்த்தேன். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தராசின் வயிற்றைத் திறந்து, விரல் நகம் அளவுக்கு ஒரு காயிலையும், அதாவது கம்பிச் சுருளையும், சில கெப்பாசிட்டர்களையும் பற்றவைத்து மூடினாள். மூட்டையை வைக்கச் சொன்னாள். எண்கள் அசையாமல் நின்றன. பிறகு என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க. மறுபடி ஆட ஆரம்பிச்சிடப் போகுது" என்றாள். சந்தையே சிரித்தது. நான் அன்றைக்கே விழுந்துவிட்டேன்.

அவள் என்னிடம் அடித்த முதல் கிண்டல் அது. அதுவே கடைசியும் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு பார்த்தால் அவள் வாயைத் திறப்பதே அபூர்வம். சாப்பாடு ஆச்சு, கேஸ் தீர்ந்துபோச்சு, மழை வருது துணியை எடுங்க. இவ்வளவுதான் எங்கள் குடும்பப் பேச்சு. அடுப்படியில் நிற்கும்போதும் மேசையில் குனிந்து பற்றவைக்கும்போதும் உதடு மட்டும் லேசாக அசையும். ஏதோ கணக்குப் போடுகிறாள் என்று விட்டுவிடுவேன். மகள் சின்னவளாக இருந்தபோது அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காரணமே இல்லாமல் விழுந்து விழுந்து சிரிப்பாள். பெண் பிள்ளைகளுக்கு அந்த வயதில் சிரிக்கக் காரணம் வேண்டாம் என்று நினைப்பேன். பட்டறையில் அவளோடு வேலை செய்கிறவர்களை வழியில் பார்த்தால், "அக்கா லீவு போட்டா எங்களுக்குப் பொழுதே போகாதுண்ணே" என்பார்கள். மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று நானும் தலையாட்டுவேன். நான் அவளுக்கு 'அமைதி' என்று பெயர் வைத்திருந்தேன். "அமைதி, டீ கிடைக்குமா?" என்று கூடத்திலிருந்து குரல் கொடுப்பேன். உதடு அசையும், டீ வரும்.

ஆனால் தொழிலைப் பற்றிக் கேட்டால் மட்டும் எதிரே வந்து உட்கார்ந்து நிதானமாகச் சொல்வாள். கன்வெர்ட்டர் என்று ஒரு சின்ன டப்பா, தீப்பெட்டியில் பாதி இருக்கும். ஒரு பக்கம் கரண்ட் உள்ளே போகும், மறு பக்கம் வெளியே வரும். ஆனால் நடுவில் கம்பித் தொடர்பே கிடையாது. அந்தப் பக்கம் என்ன கோளாறு நடந்தாலும் இந்தப் பக்கம் இருக்கிற மனிதனைக் கரண்ட் தொடக் கூடாது, அதற்காக அந்த ஏற்பாடு.

"கம்பி இல்லாம கரண்ட் எப்படித் தாண்டும்? எனக்குக் காதுல பூ சுத்துறியா?" என்று கேட்டேன்.

"உள்ளே ரெண்டு சுருள் இருக்கு. ஒண்ணோட ஒண்ணு தொடாது. ஒண்ணுல கரண்ட்ட நொடிக்கு லட்சக்கணக்கான தடவை போட்டுப் போட்டு அணைச்சா இன்னொண்ணுல எழும்பும்."

"அவ்ளோ வேகமா சுவிட்ச் போட்டா, வர்ற கரண்ட் நடுங்காதா?"

"நடுங்கும். அந்த நடுக்கத்தைத்தான் நாங்க இரைச்சல்னு சொல்றது. அதை அடக்கத்தான் எனக்குச் சம்பளம்."

அவள் செய்கிற வேலை வெளியே தெரியாது. எந்தத் தராசுக்குள்ளேயோ, எந்தக் கருவிக்குள்ளேயோ அவள் வைத்த காயில் இருக்கும். அதைத் திறந்து பார்த்துப் பாராட்டுகிறவர் யாரும் கிடையாது. அவளே யோசித்து வரைந்த சர்க்யூட் போர்டுகள் இரண்டு பட்டறை அலமாரியில் தூசி படிந்து கிடந்தன. ஒன்றைச் செலவு ஜாஸ்தி என்றும், மற்றதை இப்போது வேண்டாம் என்றும் முதலாளி ஓரம்கட்டிவிட்டார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் புதிதாக எதையாவது சொன்னால் உடனே தலையைச் சொறிய ஆரம்பித்துவிடுவார்.

அப்போதுதான் காது டாக்டர் ஒருவர் பட்டறைக்கு வந்தார். மெல்லப் பேசுகிற அம்மாள். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்க் குழந்தைகளின் காதைச் சோதிக்க அவருக்கு ஒரு கருவி வேண்டும். ஹெட்போனை மாட்டி, சின்னச் சின்ன டோன்களை அனுப்பி, கேட்டால் குழந்தை பட்டனை அமுக்க வேண்டும். கைப்பையில் அடங்குகிற மாதிரி செய்து தர முடியுமா என்று கேட்டார். குழந்தையின் தலையில் மாட்டுகிற சாமான் என்பதால் நடுவில் கம்பித் தொடர்பில்லாத கரண்ட்தான் வேண்டும். முதலாளி பழைய முறையில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் செய்யலாம் என்றார். அதில் இரைச்சல் தொந்தரவு இல்லை, ஆனால் செங்கல் கனம் கனக்கும். என் மனைவி, "சின்ன கன்வெர்ட்டரே போதும். இரைச்சலை நான் அடக்கிக் காட்டுறேன்" என்று சொல்லிவிட்டாள்.

முதலாளி தலையைச் சொறிந்தார். "சரிக்கா, செஞ்சு காட்டுங்க. டாக்டரம்மா காதுல வச்சுப் பாத்து நல்லாருக்குன்னா உங்களுது. சின்னதா ஒரு 'கீ' கேட்டாக்கூட செங்கல்தான்."

அன்று வீட்டுக்கு வந்தவள் எனக்கு எதிரே உட்கார்ந்து, தெளிவாகச் சொன்னாள்: "மூணாவதும் அலமாரிக்குப் போச்சுன்னா, இனிமே நான் எதையும் வரையவே மாட்டேங்க."

அவள் கண்ணைப் பார்த்தேன். சொன்னால் செய்கிறவள். 

பட்டறைக்குக் கீழே லேத் கடை. பகலெல்லாம் இரும்பைக் கடைந்துகொண்டே இருப்பார்கள். அங்கே உட்கார்ந்து நுணுக்கமான சத்தத்தைத் தேட முடியாது. அதனால் பெட்டி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. கூடவே ஸ்கோப் என்கிற பழைய கருவியும் வந்தது. கரண்டின் நடுக்கத்தைத் திரையில் கோடாகக் காட்டுவது அது. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட ஆரம்பித்தோம்.

முதலில் திரையில் முள்வேலி மாதிரி கோடு வந்தது. அவள் காயிலை மாற்றினாள், கெப்பாசிட்டரை மாற்றினாள், முள் குறையவே இல்லை. தலையைப் பிய்த்துக்கொண்டாள். கடைசியில் பார்த்தால் ஸ்கோப்பின் அளவெடுக்கும் குச்சியில் தொங்குகிற கருப்பு வால் வயர்தான் பாதிக் குற்றவாளி. நீளமாக இருந்ததால் காற்றில் போகிறதையெல்லாம் ஏரியல் மாதிரி அதுவே பிடித்துக்கொண்டிருக்கிறது. வாலைக் கழற்றிவிட்டு, குச்சியின் நுனியிலேயே ஒரு குட்டி ஸ்பிரிங்கைச் சுற்றி வைத்து அளந்தாள். முள்வேலியில் பாதி காணாமல் போனது. "இவ்ளோ நாளா இல்லாத பேயை ஓட்டிக்கிட்டு இருந்திருக்கேன்" என்று சிரித்தாள்.

அடுத்து, ஆசை மீறிப்போய் ஒரு குண்டு கெப்பாசிட்டரை வைத்தாள். பெட்டிக்கு உயிரே வரவில்லை. அந்தக் குண்டனை நிரப்புவதற்குள்ளேயே கன்வெர்ட்டருக்கு மூச்சு முட்டி, அணைந்து அணைந்து போனது. "செத்துப்போச்சா?" என்று கேட்டேன். முறைத்தாள். குண்டனை எடுத்துவிட்டு, சின்னச் சின்னதாகச் சிலவற்றைக் கன்வெர்ட்டரின் காலோடு ஒட்டி வைத்தாள், நடுவில் ஒரு காயிலைப் போட்டாள். கொஞ்சம் தள்ளி வைத்தாலும் நடுவில் இருக்கிற கம்பியே கெடுத்துவிடுமாம். அன்று திரையில் கோடு துணிக்கொடி மாதிரி நேராக நின்றது. அவளுக்கு வாயெல்லாம் பல்.

மீதி இருந்தது காதால் கேட்டுப் பார்ப்பது. அவள் ஹெட்போனை மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "எனக்கு 'கீ'ன்னு கேக்குற மாதிரியும் இருக்கு, கேக்காத மாதிரியும் இருக்கு. கழட்டினாலும் கேக்குது. இதையே நினைச்சுக்கிட்டு இருந்து என் காதே கெட்டுப்போச்சு. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினேன். நீதிபதி மாதிரி நேரம் எடுத்துக்கொண்டேன்.

"பொட்டுச் சத்தம் இல்ல" என்றேன்.

"நல்லா கேளுங்க."

"சந்தையில நாலு பேர் ஒரே நேரத்துல கேக்குற விலையைப் பிரிச்சுச் சொல்ற காது இது. இல்லன்னா இல்ல!"

அவள் என் கன்னத்தைக் கிள்ளினாள். உச்சி குளிர்ந்துபோய்விட்டேன்.

டாக்டரிடம் நானும் போனேன், பெட்டியைத் தூக்க. கைப்பைக்குள் அடங்குகிற பெட்டியைத் தூக்க ஆள் எதற்கு என்று கேட்கக் கூடாது. முதலாளியும் வந்திருந்தார். டாக்டரின் சோதனை அறை சின்னது, சுவரெல்லாம் மெத்தை, கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் நின்றுவிடும். டாக்டர் முதலில் தானே ஹெட்போனை மாட்டினார். புருவம் சுருங்கியது. பிறகு வெளியே உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிற பெண்ணைக் கூப்பிட்டு மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார். அந்தப் பெண் உடனே அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

"நான் இன்னும் ஒண்ணுமே அனுப்பலையேம்மா" என்றார் டாக்டர்.

"ஒரு கொசு மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கு மேடம்."

முதலாளியின் முகத்தில் ஈ ஆடவில்லை. என் மனைவி தரையைப் பார்த்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "அதெப்படிங்க? நான் கேட்டேன், சத்தமே இல்ல! என் காதுல விழாத கொசு இந்தப் பொண்ணு காதுல எப்படி விழும்?" என்று அந்த மெத்தை அறையில் கத்தினேன்.

டாக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரியில் எதையோ தேடினார். முதலாளியும் என் மனைவியும் என்னையே பார்த்தார்கள். எதற்குப் பார்க்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. டாக்டர் திரும்பி, "ஒரு வாரம் எடுத்துக்குங்கம்மா. பெட்டி எனக்குப் பிடிச்சிருக்கு, சத்தம்தான் பிடிக்கல. அடுத்த தடவை வரும்போது இவரையும் கூட்டிட்டு வாங்க" என்றார். சாட்சிக்குக் கூப்பிடுகிறார் என்று நான் நிமிர்ந்து நடந்தேன். முதலாளி வழியெல்லாம் தலையைச் சொறிந்துகொண்டே வந்தார்.

அந்த வாரம் மகள் லீவில் வந்தாள். வேறு ஊரில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். வந்ததும் வராததுமாக மேசையில் கிடந்த ஹெட்போனை எடுத்து மாட்டியவள், "அம்மா! காது கூசுது!" என்று பிடுங்கி எறிந்தாள்.

"சும்மா கதை விடாதே" என்று வாங்கி நான் மாட்டினேன். ஒன்றும் இல்லை. அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்பா, உங்க காது..." என்று மகள் ஆரம்பித்தாள்.

"என் காதுல என்ன குறை? நாலு பேர் சொல்ற விலையை நான்..."

"அவங்க எல்லாரும் கத்துறாங்கப்பா."

 உள்ளுக்குள் பயம் வந்தது. ஏலக்காரனுக்குக் காது போனால் என்ன மிச்சம்? அதனால் வழக்கம் போல் கோபத்தை எடுத்து மேலே போர்த்திக்கொண்டு, முகத்தைத் திருப்பி உட்கார்ந்துகொண்டேன்.

மகள் மறுபடி ஹெட்போனை மாட்டி, பட்டன்களை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "அம்மா, டோன் வரும்போது 'கீ' நின்னுடுது. டோன் போனா திரும்ப வருது" என்றாள்.

என் மனைவி நிமிர்ந்தாள். மேசைக்கு ஓடினாள். ஸ்கோப்பைப் போட்டாள். கன்வெர்ட்டருக்கு வேலை கொடுக்க அவள் எப்போதும் மாட்டி வைத்திருக்கும் ஒரு பெரிய ரெசிஸ்டரைப் பிடுங்கிப் போட்டாள். துணிக்கொடி மாதிரி இருந்த கோடு அங்கங்கே கொத்துக் கொத்தாகப் புடைத்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். தராசுக் காலத்திலிருந்து அவர்கள் தொழிலில் ஒரு பழக்கம். கன்வெர்ட்டரிடம் முழு வேலை வாங்கிக்கொண்டுதான் இரைச்சலை அளப்பார்கள். வேலை அதிகமானால்தான் நடுக்கமும் அதிகம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்காகத்தான் அந்தப் பெரிய ரெசிஸ்டர். இவளும் பெட்டியை அப்படியே அளந்திருக்கிறாள். ஆனால் காதுச் சோதனையில் பெரும்பாலான நேரம் அமைதிதான். டோன் போகாதபோது கன்வெர்ட்டருக்கு வேலையே இல்லை. வேலை இல்லையென்றால் அது கொஞ்சம் தூங்கி, திடுக்கென்று விழித்து, ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு மறுபடி தூங்குகிறது. நொடிக்கு ஆயிரக்கணக்கில் அந்தத் திடுக்கிடல். அது காதுக்கு எட்டுகிற வேகம், அதனால்தான் 'கீ'.

"சும்மா இருக்கும்போதுதான் கத்துது!" என்றாள் அவள். தொடர்ந்து உதடு அசைந்தது. மகள் என்னைப் பார்த்துவிட்டுச் சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தாள்.

"என்னடி சிரிப்பு?"

"ஒண்ணும் இல்லப்பா. கன்வெர்ட்டரைப் பத்தி."

அதற்கு வைத்தியம் ஒரு சின்ன ரெசிஸ்டர். எப்போதும் கொஞ்சம் வேலை கொடுத்துக்கொண்டே இருந்தால் அது தூங்காது. ஆனால் அதிகமாகக் கொடுத்தால் அந்தச் சின்னப் பெட்டி சூடாகிவிடும். அவள் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். மகள் காதும், இவள் கையும். நான் டீ போட்டுக் கொடுத்தேன், கோபம் தீராமலேயே. விரலை வைத்தால் லேசான சூடு தெரிகிற ஒரு ரெசிஸ்டரில் மகள் கையைத் தூக்கினாள். "இப்ப ஒண்ணுமே இல்லம்மா. சத்தியமா." என் மனைவி நம்பாமல் மகளைத் திரும்பி உட்காரச் சொல்லி, பெட்டியை அணைத்தும் போட்டும் கேட்டாள். எப்போது அணைந்தது, எப்போது ஓடியது என்று மகளால் சொல்ல முடியவில்லை. இருவரும் கட்டிக்கொண்டு குதித்தார்கள்.

மறுபடி அதே மெத்தை அறை. டாக்டர் ஹெட்போனை மாட்டினார். காத்திருந்தோம். என் மனைவி புடவை முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். டாக்டரின் புருவம் சுருங்கவில்லை. டோக்கன் கொடுக்கிற பெண் வந்தாள், மாட்டினாள், பட்டனில் விரலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். டாக்டர் டோன் அனுப்பினார், அமுக்கினாள். நிறுத்தினார், விரலை எடுத்தாள்.

"கொசு எங்கே?" என்று டாக்டர் கேட்டார்.

"செத்துப்போச்சு மேடம்" என்றாள் அவள்.

முதலாளி தலையில் வைத்த கையை எடுத்தார். "செங்கல் வேணாம்க்கா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். எனக்குச் சந்தையைக் கூட்டிக் கத்த வேண்டும் போலிருந்தது, அடக்கிக்கொண்டேன்.

"சரி, முதல் ஆள் யாரு?" என்றார் டாக்டர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மாட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள். "நான் செஞ்ச பெட்டிங்க. முதல்ல நீங்க உக்காருங்க" என்றாள். போய் உட்கார்ந்தேன்.

தொடக்கத்தில் தடித்த டோன்கள் வந்தன. பெருமையாக அமுக்கினேன். கொஞ்சம் மெலிந்தவை வந்தன, அமுக்கினேன். அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். டாக்டரின் விரல் நகர்ந்துகொண்டே இருந்தது. என் மனைவியின் முகம் மாறியது.

"மெஷின் நின்னுபோச்சு!" என்று கத்தினேன். அவள் உழைப்பு வீணாகிவிட்டதே என்கிற பதற்றம் எனக்கு.

டாக்டர் ஹெட்போனைக் கழற்றி, எனக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "மெஷின் நல்லா ஓடுதுங்க ஐயா. நான் அனுப்பினது கீச்சுச் சத்தம். அதுதான் உங்களுக்கு எட்டல. ரொம்ப வருஷம் பெரிய சத்தத்துல நின்னவங்களுக்கு இப்படி ஆகும். பயப்பட ஒண்ணுமில்ல, காதுல ஒரு சின்ன மிஷின் வச்சா போதும். போன தடவை அலமாரிப் பக்கம் திரும்பி நின்னு, டீ சாப்பிடுறீங்களான்னு உங்களைக் கேட்டேன். ரெண்டு தரம் கேட்டேன்."

மூன்றாவது தரம் கேட்டிருந்தால் நான் ஏலம் போயிருப்பேன்.

"இந்தப் பெட்டி இவ்ளோ சுத்தமா இருக்கறதாலதான் நான் இதைத் தைரியமா சொல்றேன்" என்று அவர் என் மனைவியிடம் சொன்னார். அவள் ஒரே நேரத்தில் அழுதாள், சிரித்தாள். எதற்கு அழுதாள், எதற்குச் சிரித்தாள் என்று பிரித்துச் சொல்ல என் காதுக்கும் முடியாது, கண்ணுக்கும் முடியவில்லை. வெளியே வந்ததும் முதலாளி, "அலமாரியில கிடக்குற அந்த ரெண்டையும் நாளைக்கு எடுத்துப் பாக்கலாமாக்கா?" என்றார். அவள் உதடு அசைந்தது. முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

காது மிஷின் அவரை விதை அளவுதான் இருந்தது. மாட்டிய அன்று உலகமே என்மேல் பாய்ந்தது. பிளாஸ்டிக் பை மொறமொறத்தது, குழாய் சொட்டியது, என் செருப்பே என்னோடு பேசியது. சந்தையில் என் குரலை நானே கேட்டு அரண்டுபோய்ப் பாதியில் நிறுத்திவிட்டேன். இப்படியா கத்துகிறேன்! வீட்டில் பாத்திரச் சத்தம் தாங்கவில்லை என்று வாசலிலேயே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். ஒருநாள் லாரி வராததால் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். கழற்ற மறந்துபோனேன்.

அவள் முதுகைக் காட்டிக்கொண்டு மேசையில் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். அலமாரியிலிருந்து எடுத்து வந்த பழைய போர்டு. வாசலில் என் கால் நின்றது. பேச்சுக் குரல். மெல்லிய, குறும்பான, இடைவெளியே இல்லாத ஒரு குரல்.

"வாடா ராஜா, அசையாம உக்காரு. அலமாரியில தூங்கினது போதும். நீயும் எங்க வீட்டுக்காரர் மாதிரி வேலை இல்லன்னா கத்துவியா? அவருக்கு ரெசிஸ்டர் போட முடியல, காதுல ஒண்ணு மாட்டிவிட்டிருக்கு. வந்துடுவாரு இப்ப, 'அமைதி, டீ கிடைக்குமா'ன்னுக்கிட்டு. அமைதியாம் அமைதி! பேரு வச்ச மகராசனுக்கு என்ன தெரியும், நான் பேசறதைக் கேக்கப் பட்டறையில டிக்கெட் போட்டு வித்திருக்கலாம்... ஆனா ஒண்ணுடா, இப்பல்லாம் மனுஷன் மெல்லப் பேசறாரு. எனக்குத்தான் ஒரு மாதிரியா இருக்கு. அந்தக் கத்தல் இல்லாம வீடு வீடாவே இல்ல."

நான் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை வருஷத்துப் பேச்சு. அத்தனையும் என் பக்கத்திலேயே, என் கூடத்திலேயே நடந்திருக்கிறது. மகள் கேட்டாள், பட்டறை கேட்டது, முதலாளி கேட்டார். நான் ஒருவன்தான் கேட்கவில்லை. அதை நினைக்கச் சிரிப்பும் வந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அமைதி, டீ கிடைக்குமா?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். என் காதைப் பார்த்தாள். "எப்ப வந்தீங்க?"

"'வாடா ராஜா'வுக்கே வந்துட்டேன்."

"எல்லாம் கேட்டுச்சா?"

"எல்லாம்."

அவள் முகம் சிவந்தது.  பிறகு போர்டின் பக்கம் திரும்பிக் குனிந்து, அதே மெல்லிய குரலில், "கேட்டா கேக்கட்டும்டா ராஜா. இன்னைக்கு டீயை அவரே போடட்டும்" என்றாள்.

நான் டீ போடப் போனேன். பேச்சு காதிலிருந்து விட்டுப்போய்விடக் கூடாது என்று அடுப்படிக் கதவை நன்றாகத் திறந்து வைத்தேன்.